விடியற்காலைச் சர்க்கரை

6 ஆகஸ்ட் 2007, திங்கள்
அம்மாவுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 212. “ராத்திரி ஒம்போதுக்குத் தின்னதுதான்யா, அப்புறம் ஒண்ணுமில்ல” என்றாள். டாக்டர் நம்பவில்லை. எனக்குத் தெரியும். விடியுமுன் கார்டிசால் என்ற சுரப்பு ஏறும், கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிடும். இரவில் இன்சுலினும் மந்தம். அம்மாவின் பெரிய சாப்பாடே இரவில்தான். விலங்கியல் படித்தவள் நான். அச்சகத்தில் காலண்டர் பிழை திருத்துகிறேன்.
புது மாத்திரை. காலைச் சாப்பாட்டுக்கு முன்.

7 ஆகஸ்ட்
எது காலைச் சாப்பாடு? ஐந்தே முக்காலுக்குப் பட்டாசுக் கம்பெனி வேன். கடுங்காப்பி மட்டும். தூக்குவாளியைத் திறப்பது பத்து மணிக்கு. சர்க்கரை விடியலில் ஏறுகிறது, மாத்திரையும் விடியலில் – பரீட்சை விடை மாதிரி கச்சிதம். ஐந்து மணிக்குப் போடச் சொன்னேன்.
“படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

17 ஆகஸ்ட்
ஒன்றுமில்லை. அம்மாவுக்குக் கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்.

22 ஆகஸ்ட், புதன்
குழாய்க்குள் வெடிமருந்து அடைக்கும்போது அம்மாவுக்குக் கை நடுங்கியிருக்கிறது. வியர்வை. பக்கத்தில் இருந்த வேலுத்தாய் தட்டைப் பிடித்துக்கொண்டாளாம். “என்னக்கா, சாமி வந்துருச்சா?” அம்மா சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.
ஐந்து மணிக்கு மாத்திரை. பத்துக்குச் சோறு. இடையில் சர்க்கரை இறங்காமல் எங்கே போகும்? சீ – நான்தான். நான்தான் செஞ்சேன்.

23 ஆகஸ்ட்
நாலரைக்கு இட்லி அவித்தேன். ஒன்றைத் தின்று வாந்தி எடுத்தாள். “இந்நேரத்துல எறங்க மாட்டேங்குதுட்டி.” இருபது வருஷ வழக்கம்.
மாத்திரை தரவில்லை. சாயங்காலம் டாக்டர்: “சாப்பாட்டோட சேத்துச் சொன்னேன். மணியப் பாத்தா போடச் சொன்னேன்?”
கம்பெனியில் எட்டு மணிக்குச் சாப்பிட விட்டால் போதுமாம், மாத்திரை அதற்குச் சற்று முன்.

27 ஆகஸ்ட், திங்கள்
விஸ்வநத்தத்தில் அம்மாவின் கம்பெனிக்குப் போனேன். போர்மேன் சோலைச்சாமி உட்காரச் சொன்னார். எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் கேட்டேன். எதற்கு என்றார். எல்லாவற்றையும் சொன்னேன், நடுக்கத்தையும். அதுவரை அவருக்குத் தெரியாது.
“கை நடுங்குற ஆள மருந்துப் பக்கம் வைக்கலாமாத்தா? நீயே சொல்லு.”
வைக்கக் கூடாது.
“தாள் ஒட்டுற வேலையாச்சும்?” என்றேன்.
“ஆளு நெறஞ்சு கெடக்கு. தீவாளி கழியட்டும்.”

28 ஆகஸ்ட்
வேன் நம் வாசலில் நிற்காமல் போனது; அம்மா தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

19 செப்டம்பர், புதன்
வெறும் வயிற்றில் 124. ஏழுக்கு இரவுச் சாப்பாடு, எட்டுக்குக் காலைச் சாப்பாடு, அதற்குச் சற்று முன் மாத்திரை. நடுக்கம் இல்லை.
“எட்டு அடிச்சா பசிக்குது ஞானம்” என்றாள் இன்று. “வேலைக்குப் போறப்போ ஒருநாளும் இப்படிப் பசிச்சதில்ல. சும்மா இருக்குறவளுக்கு என்னட்டி பசி?”
தட்டில் இன்னொரு இட்லி வைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள்.