அசையாத சீட்டு

அன்புள்ள உங்களுக்கு,

நீங்க திரும்பி வர்றதுக்குள்ள தயாரா இருக்கணும்னு சொன்னீங்களே, அந்தப் பழைய ஸ்டீல் ரேஸ் சைக்கிளை மெக்கானிக்கிட்ட குடுத்தேன். துருவைத் தேய்ச்சு எடுத்து, நீல பெயின்ட் அடிச்சு, செயின் மாத்தி, புதுசு மாதிரி ஆக்கிட்டார். சீட்டு மட்டும் அசையலை.

"சீட்டுக் கம்பி துருப்பிடிச்சு ஃபிரேமோட ஒட்டிக்கிச்சும்மா. பல வருஷமா இதே உயரத்துலதான் இருந்திருக்கு. சாருக்கு உயரம் கம்மியா?"ன்னு கேட்டார்.

நீங்க வாசல்ல குனிஞ்சு நுழையற ஆள். இந்த உயரத்துல உட்கார்ந்தா முழங்கால் முகவாயில இடிக்கும். "கல்யாணத்துக்கு முன்னாடி இதுலதான் மலையெல்லாம் ஏறினேன், வேற யாரையும் தொடவிடலை"ன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க!

பழசா வாங்கி, ஓட்டாமலே கதை விட்டீங்களா? இல்ல, வேற யாராவது... சரி, விடுங்க. எனக்கு ஒண்ணுமே புரியலை. ஃபோன்ல கேட்டா சிரிச்சு மழுப்பிடுவீங்க, அதான் எழுதறேன்.

கடையிலேயே ஏறி உட்கார்ந்து பார்த்தேன். எனக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி கால் பெடலுக்கு எட்டுது. என் உயரமே இருக்கற யாரோ! அதுதான் இன்னும் குழப்புது.

எண்ணெய் ஊறவெச்சு எப்படியாவது சீட்டை ஏத்திடறேன்னார் மெக்கானிக். வேண்டாம்னுட்டேன். நாளையிலேர்ந்து ஓட்டக் கத்துக்கப் போறேன். அது யாரோட சைக்கிள்னு நீங்க வந்து சொல்றதுக்குள்ள, அது என்னோடதா ஆயிடும்.

இப்படிக்கு,
விழுந்து முட்டியைப் பேர்த்துக்கத் தயாராயிட்ட
உங்க மனைவி