குழாய் முனையில் ஒரு பொட்டு

புரட்டாசி 24, திங்கள்

கா. 6. மேகம் இல்லை. காளவாசல் சூளைப் புகை கிழக்கே சாய்கிறது. மேல்காற்று. பறக்கத் தோதான நாள். பறக்கக் கற்றுக்கொடுக்கும் வெள்ளைக்காரத் துரைக்குத் தலைவலியாம், வகுப்பு கிடையாது. அவருக்குத் தலை வலித்தால் எனக்கு ஒரு நாள் பாழ். கேட்பார் யார்?

விமானத்தைத் துடைத்துவிட்டு வந்தேன். மெக்கானிக் மஸ்தான் பாய் வழக்கமான நச்சரிப்பு. "மாப்ள, குழாய் வாயப் பாத்தியா? குளவி மண்ணக் கொண்டாந்து அடைச்சிரும்." இறக்கைக் கம்பத்தில் விரல் தடிமனில் ஒரு குழாய். அதில் காற்று புகுந்தால்தான் வேகம் காட்டும் முள் நகரும். பார்த்தேன். ஒரு வருஷமாகப் பார்க்கிறேன். ஒரு குளவியையும் காணோம்.

பேரையூரிலிருந்து அப்பா கடிதம். "விஜயதசமியன்று பரீட்சை என்கிறாய். லைசென்ஸ் கிடைத்தால் உன் இஷ்டம். கிடைக்காவிட்டால் பொண்டாட்டியோடு பருத்திக் காட்டுக்கு வந்து சேர்." நலமா என்று ஒரு வரி இல்லை.

புரட்டாசி 27, வியாழன்

புழுக்கம். நான்கு முறை இறக்கினேன். முதல் இரண்டும் கேவலம். முள்ளையே முறைக்காதே, இறக்கைகளைப் பிணைக்கும் கம்பிகள் இரையும் சத்தத்தைக் கேள், அதுவே வேகத்தைச் சொல்லும் என்கிறார் துரை. எனக்குக் கேட்டதெல்லாம் அவர் கத்தல்தான்.

வாங்க: வாழைக்கன்று 2, பொரி, எலுமிச்சை 4, சூடம்.

ஆயுத பூஜைக்கு நீயும் வா என்று பேச்சியைக் கூப்பிட்டேன். கட்டிய பெண்டாட்டி, ஒரு வருஷமாக விமானம் ஏறி இறங்கும் அந்தப் பொட்டலை எட்டிப் பார்த்ததில்லை. "நான் வந்தா அந்தச் சனியன ரெண்டு மிதி மிதிப்பேன்." கொஞ்ச நேரம் கழித்து, அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "எம்புட்டுச் சந்தனம் அரைக்கணும்?"

புரட்டாசி 30, ஞாயிறு. ஆயுத பூஜை

காலையில் தூறல், நின்றுவிட்டது. ஸ்பானர்களை மஸ்தான் பாயே வரிசையாக அடுக்கிக் கொடுத்தார். பொரிக்கு முதலில் கை நீட்டியதும் அவர்தான்.

பேச்சி வந்தாள். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "துணி போர்த்துன கட்டிலு மாதிரியில்ல இருக்கு! இதுலயா ஏறுறீக?" எரிச்சல். ஆனாலும் சிரித்துவிட்டேன். பொட்டு வைக்கத் தொடங்கியவள் நிறுத்தவேயில்லை. விசிறி, சக்கரம், வால், கம்பம், குழாய்.

மாலை துரை வந்தார். நாளை மதராஸிலிருந்து அதிகாரி வருகிறார், இந்தக் கூத்தையெல்லாம் துடை என்று உத்தரவு. பூஜையன்றே பொட்டை அழிப்பதா? கேட்டிருக்க வேண்டும். கோழை. துணியை எடுத்தேன். பேச்சி பார்த்துக்கொண்டே நின்றாள். "ஒண்ணையாச்சும் விடுங்க" என்றாள், மெதுவாக. துரை கண்ணில் படாதது குழாயில் வைத்த பொட்டுதான். அதை மட்டும் விட்டேன்.

ஐப்பசி 1, திங்கள். விஜயதசமி

நல்ல வெயில். சுண்ணாம்பு வட்டத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அதிகாரி. எட்டுப் போட வேண்டும். பிறகு இஞ்சினை அடக்கி இறங்கி, அந்த வட்டத்துக்குள் நிற்க வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

ஏறினேன். வேகமுள் பூஜ்யத்தில். தட்டினேன். பூஜ்யம். எட்டு சரியாகவே போட்டேன். இறங்கும்போதுதான் பயம். வேகம் குறைந்தால் கல்லாக விழுவேன். வேகம் குறையாதிருக்க விமானத்தின் மூக்கைக் குனிய வைத்தே வந்தேன். கம்பிகள் ஊளையிட்டன. கேட்டது. கேட்டும், வேகம் போதும் என்று நம்பவில்லை. வட்டம் காலுக்கடியில் ஓடிப்போனது. பொட்டலும் முடிந்து, உடைமுள் புதருக்குள் போய் நின்றேன். இறக்கைத் துணி கிழிசல். எனக்கு ஒரு கீறல் இல்லை. ஏதாவது ஆகித் தொலைத்திருக்கலாம்.

மஸ்தான் பாய் குழாயில் ஊசியை விட்டார். காய்ந்த சந்தனம், பட்டாணி அளவு. என் முகத்தைப் பார்த்தார். "யா அல்லா! குளவி மண்ணுன்னு சொல்லிருவமா மாப்ள?"

சொல்லி என்ன? குளவியானாலும் பார்க்க வேண்டியவன் நான். பார்க்காமலும் இல்லை. கா. 7 மணிக்குப் பார்த்தேன். குளவி இல்லை, பேச்சி வைத்த பொட்டு இருக்கிறது என்று சந்தோஷமாக ஏறினேன். முட்டாள்.

தேறவில்லை என்று எழுதிவிட்டுப் போனார் அதிகாரி. இனி அடுத்த வருஷம்தான் வருவாராம்.

ஐப்பசி 3, புதன்

மழை. பேரையூர் பஸ் மா. 3. டிரங்குப் பெட்டி 1, பாத்திரச் சாக்கு 2, பறக்கும்போது போடும் கண்ணாடி (எதற்கு?).

மஸ்தான் பாய் வழியனுப்ப வந்தார். "போயிட்டு வாரேன்னு சொல்லு மாப்ள." சொல்லவில்லை.

குழாயை அடைத்தது எது என்று பேச்சிக்கு இன்னும் தெரியாது. இரண்டு நாளாக அவள் முகத்தைப் பார்க்காமலே சாமான் கட்டினேன். அவள் மேல் கோபமில்லை, என் மேல்தான். அவள் மேலும்தான்.

வாசலில் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "முள்ளுக்குள்ள போயி விழுந்தும் ஒரு கீறல் இல்லக்கா. நான் வச்ச பொட்ட எல்லாம் அழிச்சாரு, ஒண்ணே ஒண்ணு பாக்கி. அதுதான் உசுரோட எறக்கி விட்டுச்சு." உள்ளே எட்டிப் பார்த்து, "இல்லையாங்க?"

ஆமாம் என்றேன்.