கடல் விட்ட மூச்சு

என் வீட்டுத் தளபதிக்கு,

மானம் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பனிக்கடல் மூச்சு விட்டதாக எங்கள் கப்பலே கொண்டாடியது. விட்டது நான்.

இந்தக் குளிர்ந்த கடல், காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். சில இடங்களில் திருப்பியும் விடும். அதை அளக்கக் கப்பலின் முன்முனையில் ஒரு குழாய் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். அதைப் பராமரிப்பது என் வேலை. ‘இங்கே யாரும் நிற்காதீர்கள்’ என்று பலகை எழுதி மாட்டியதும் நானேதான்.

நேற்று அந்தப் பலகைக்குக் கீழேயே நின்றுகொண்டு, நான் கிளம்பும்போது நீ கேட்ட “கடலா நானா?” என்ற கேள்விக்குப் பதில் ஒத்திகை பார்த்தேன். நீ பக்கத்தில் இல்லாததால் ஜெயித்துக்கொண்டும் இருந்தேன். உள்ளே கருவியில் வாயுவின் அளவு எகிறிவிட்டது.

“கடல் வாயுவைக் கக்குது, ஓடி வாங்க!” என்று ஆய்வுத் தலைவி கத்தினார். எல்லோரும் ஓடி வந்து பார்த்தால், குழாய்க்கு நேரே என் வாய்.

“யார்கிட்டண்ணே பேசிட்டிருந்தீங்க?”

“பனிக்கட்டிகிட்டம்மா.”

“என்ன சொல்லுச்சு?”

“உங்க அண்ணி மாதிரிதான். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்லல.”

அரை நாள் அளவீடு குப்பைக்குப் போனது. இப்படிப்பட்டவனை அடுத்த பயணத்துக்கு யார் சேர்ப்பார்கள்? வேறு வழியில்லாமல்தான் வீட்டோடு இருக்க வருகிறேன். உன்னை நினைத்து உருகி ஓடி வருவதாகக் கற்பனை செய்துகொள்ளாதே.

வேலை போன,
உன் வீட்டுக்காரன்

பி.கு.: “அடுத்த தடவையும் நீங்கதாண்ணே வரணும்” என்று தலைவி இன்று காலைகூடக் கெஞ்சினார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.