அந்தக் குடுவை எப்படி உடைந்தது?

இன்று காலை சமையலறை மேடையிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளர் உருண்டு விழுந்தது. கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றேன். ஆனால் என் இரண்டு கைகளும் சட்டென்று பின்னால் போய்விட்டன. "பிடிச்சிருக்கலாமே?" என்றார் வீட்டுக்காரர். சில்லுகளைப் பெருக்கும்போது உன்னை நினைத்தேன். நினைத்ததும் மறுபடி அதே குழப்பம்.

பழவங்காடியில், மாடியிலிருந்த அந்தத் தண்ணீர்ப் பரிசோதனை லேபில் நாம் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் நாகர்கோவிலிலிருந்து ரயிலில் தம்பானூர் வந்து இறங்கி நடந்து வருவேன். நீ கரமனையிலிருந்து பஸ்ஸில் வருவாய். வயதும் படிப்பும் ஒன்றுதான். ஆனாலும் கண்ணாடிச் சாமான் விஷயத்தில் என்னைப் பாடாய்ப் படுத்துவாய். கழுவிய பீக்கரை ஜன்னல் வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாய். மயிரிழைக் கீறல் இருந்தாலும் அதை அடுப்பில் ஏற்ற விடமாட்டாய். பெருக்க வரும் அக்காவின் கை கிழியக் கூடாதென்று உடைசலுக்குத் தனி டப்பா வைத்தாய். "சூடான கண்ணாடியும் ஆறின கண்ணாடியும் பாக்க ஒண்ணுபோலத்தான் இருக்கும், ஏட்டி" என்பாய். எதைவிடவும் அடிக்கடி சொன்னது இதுதான்: "விழுதுன்னா விட்டுரு. பிடிக்கப் போகாத, கேட்டியா? போனா வேற வாங்கலாம்."

குடுவை உடைந்த அன்று மதியம் நான் சிங்கை ஒட்டிய மேஜை முன் குனிந்து, அதன் அடியில் அமில பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். என் தலைக்கு மேலே சுவர்த் தட்டில் பெரிய குடுவைகள் காய்ந்துகொண்டிருந்தன. உடையும் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். நீ சிங்க் பக்கத்தில், வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாய். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

"என்னாச்சு?"

"கழுவுறப்போ கையிலயே உடைஞ்சு போச்சு. சாரமில்ல, சின்னக் காயந்தான். நீ அங்கயே நில்லு, கீழ எல்லாம் சில்லு."

துண்டைச் சுற்றி உன்னை ஆட்டோவில் ஏற்றினேன். தையல் ஆறியது, நரம்பு ஆறவில்லை. மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்காமலே போயின. பிப்பெட் பிடிக்க முடியாமல் நீ வேலையை விட்டாய். வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாய். நான் வரும்போதெல்லாம் சிரிக்கச் சிரிக்கப் பேசினாய், அந்தக் கையைப் பற்றி மட்டும் பேச்செடுக்கவில்லை. கீறல் விழுந்த குடுவையை நீயா பார்க்காமல் கழுவினாய் என்று நானும் கேட்டதில்லை.

போன மாதம் மஞ்சள் காமாலையில் நீ போய்விட்டாய். துக்கம் கேட்க வந்தபோது உன் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா எப்பவும் சொல்லும். குடுவை தட்டிலேருந்து உங்க தலையில விழப் போச்சாம். எட்டிப் பிடிச்சப்போ சிங்கு விளிம்புல தட்டி உடைஞ்சுதாம். அப்படியல்லே நடந்தது?"

அன்று சிங்கிலும் சில்லு கிடந்தது, நான் குனிந்திருந்த இடத்திலும் கிடந்தது. தட்டில் ஓர் இடம் காலியாக இருந்ததா? எவ்வளவு யோசித்தாலும் ரத்தம்தான் கண்ணில் வருகிறது. உண்மையென்றால் என்னிடம் ஏன் மறைத்தாய்? நான் பாரம் சுமக்க வேண்டாமென்றா? அல்லது கவனப்பிசகு என்று வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு அப்படிச் சொன்னாயா? உன்னிடம் பொய்யே கண்டதில்லை நான். ஆனால் இரண்டில் ஒன்று பொய்தானே?

"அப்படித்தானே?" என்றாள் மறுபடியும்.

"ஆமா, எனக்காகத்தான்" என்றேன்.

"அம்மா, கேட்டியா, நெசந்தான்!" என்று அவள் உள்ளே பார்த்துச் சொன்னாள். உன் அம்மா எழுந்து வந்தாள். என் தலையில் கைவைத்து, அடிகிடி பட்டிருக்கிறதா என்று தேடுவதுபோல் முடியை விலக்கி விலக்கித் தடவினாள். நான் அசையாமல் குனிந்து நின்றேன். அந்த விரல்கள் இன்னும் என் தலையில் இருக்கின்றன. அவை எனக்கு உரியவைதானா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.