ஊதாப்பூக் கோப்பை

1909 மார்ச் 4
தங்ளினில் ஒரு வெள்ளைக்காரர் பங்களா ஏலத்தில் பழைய இங்கிலீஷ் தேநீர்ச் செட் ஒன்று எடுத்தேன். துரைசானி வீட்டில் மூன்று தலைமுறையாக இருந்ததாம். பீங்கான் அவ்வளவு மெல்லிசு. வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் விரல் தெரிகிறது. ஒவ்வொரு கோப்பையிலும் ஒவ்வொரு பூ, கையால் தீட்டியது. செராங்கூன் சாலையில் என் கடைக்கு இப்படிப்பட்ட சரக்கு வந்ததேயில்லை.

மார்ச் 9
வீட்டில் ஜரீனாவின் இருமலில் ரத்தம்.

மார்ச் 11
காசநோய் என்றார் டாக்டர். தட்டு, கோப்பை, பாய் எல்லாம் தனியாக வைக்க வேண்டுமாம். பிள்ளையைப் பக்கத்தில் விடக்கூடாதாம். மருந்து கேட்டேன். நல்ல காற்று, பால், முட்டை என்றார். அவ்வளவுதானா? அவ்வளவுதான்.

மார்ச் 15
தனியாக வாங்கி வைத்த தகரக் குவளையை ஜரீனா தொடவில்லை. "நான் இன்னும் இந்த வீட்டுப் பொம்பளைதானே?" என்று மட்டும் கேட்டாள். கடைக்குப் போய் அந்தச் செட்டை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். விற்கிற சரக்கு - இருக்கட்டும். இனி எல்லோருக்கும் அதில்தான் தேநீர். ஊதாப்பூ அவளுக்கு, மஞ்சள் எனக்கு, ரோஜா நூருன்னிசாவுக்கு. நான்கு வயதுப் பிள்ளைக்கு வேறு எப்படிச் சொல்லிப் பிரிப்பது? ஜரீனா ஊதாப்பூவைத் தடவிப் பார்த்தாள். தூரிகை போன தடம் விரலில் தட்டுப்படுகிறது என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

ஏப்ரல் 2
மழை. அவள் தூங்குவதே இல்லை.

ஏப்ரல் 6
மத்தியானம் சாப்பிட வந்தேன். ஊதாப்பூக் கோப்பையில் மிச்சமிருந்ததை நூருன்னிசா குடித்துக்கொண்டிருந்தாள். பிடுங்கினேன். "உம்மா பூவுதான் வாப்பா அழகா இருக்கு" என்கிறாள். வாயைக் கழுவிவிட்டேன், திரும்பத் திரும்ப. கழுவுனா போயிடுமா? யாருகிட்ட கேக்கறது? நான் கொண்டாந்து வச்ச அழகுதானே பிள்ளையைக் கூப்பிட்டுச்சு. யா அல்லாஹ்.

ஏப்ரல் 7
காலையில் ஜரீனா கோப்பையைக் கேட்டாள். கொடுத்தேன். கட்டில் காலில் அடித்து உடைத்தாள். அந்தக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.
"இவளை அஸ்மத்துகிட்ட அனுப்பிடுங்க. அழுதாலும் கூட்டிட்டு வராதீங்க. நானே கேட்டாலும் கூட்டிட்டு வராதீங்க."
அஸ்மத் அவள் தங்கை. கம்போங் கிளாமில் இருக்கிறாள், பிள்ளை இல்லாதவள். சாயங்காலம் கொண்டுபோய் விட்டேன்.

மே 20
ஜரீனா பிள்ளையைக் கேட்டாள். கூட்டிவரவில்லை.

மே 21
மறுபடியும் கேட்டாள். சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 3
லுஹர் தொழுகைக்கு முன்னால் போய்விட்டாள்.

ஜூலை 18
மிச்சச் செட்டை மலாக்காவிலிருந்து வந்த பாபாச் சீனர் ஒருவர் வாங்கிக்கொண்டார். ஒரு கோப்பை குறைகிறதே என்றார். ஆமாம் என்றேன்.

1910 பிப்ரவரி 12
நூருன்னிசாவின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்த டாக்டர், ஒரு குறையும் இல்லை என்றார். அஸ்மத் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. குதிரை வண்டியில் திரும்பினோம். பிள்ளை அஸ்மத் மடியில் சாய்ந்து, பாதித் தூக்கத்தில், "உம்மா, வீடு வந்துடுச்சா?" என்றாள்.
அஸ்மத் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.
"இதோ வந்துடுச்சும்மா, நீ தூங்கு" என்றாள் அஸ்மத்.