பாதியில் அறுந்த படங்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அதே புகார். கிளை மருத்துவமனையில் புது ஸ்கேன் மெஷின் வந்ததிலிருந்து அங்கிருந்து எங்கள் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பும் படங்கள் முக்கால்வாசி வந்து அறுந்துபோகின்றன. யானை நுழைந்து வால் மாட்டிக்கொண்ட கதை. நடுவில் இருப்பது என் பொறுப்பிலுள்ள ஃபயர்வால், வருகிற கோப்புகளையெல்லாம் சோதித்து உள்ளே விடும் பெட்டி. ஒரு சின்னக் கோப்பு அனுப்பிப் பார்த்தேன். கண் மூடித் திறப்பதற்குள் போனது. “நெட்வொர்க்கில் பழுதில்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 6

மறுபடி புகார். மறுபடி சின்னக் கோப்பு, மறுபடி போனது. என்னை விடுங்கப்பா.

மார்ச் 10, திங்கள்

தலையில் அடிபட்ட ஒருவருக்குப் பாதிப் படம்தான் வந்ததாம். திரும்பக் கூட்டிவந்து ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். பெரிய டாக்டர் கத்தித் தீர்த்துவிட்டார். பழி கிளையில் ஸ்கேன் எடுக்கும் அக்கா மேல். புது மெஷின் பழகவில்லை, நடுவில் எதையோ அமுக்கி நிறுத்திவிடுகிறார் என்கிறார்கள். ஒப்பந்த வேலை. வெள்ளி மூன்று மணிக்கு விசாரணை, அதோடு அனுப்பிவிடுவார்கள்.

மேனேஜர் என் காகிதத்தை ஆட்டிக் காட்டினார். “நெட்வொர்க்ல ஒண்ணுமில்லன்னு நீங்கதானேம்மா எழுதிக் குடுத்தீங்க?”

அக்கா போனில் அழவில்லை. “நான் எதையும் தொடலம்மா. வேணும்னா வந்து பக்கத்துல உக்காந்து பாரு.”

மார்ச் 12, புதன்

போய் உட்கார்ந்தேன். மூன்று பேரின் படங்களை அனுப்பினார். கை இரண்டும் மடியில் இருந்தன. மூன்றும் அறுந்தன — மூன்றும் சரியாக நூறு எம்.பி.யில். தெரியாமல் அமுக்குகிற விரல் மூன்று தடவையும் ஒரே இடத்திலா அமுக்கும்?

நூறு. அந்த எண்ணை எங்கேயோ நான் தட்டியிருக்கிறேன்.

மார்ச் 13

நான்தான். ஜனவரியில் வைரஸ் பயம் வந்தபோது, நூறு எம்.பி.க்கு மேல் எது வந்தாலும் வெட்டு என்று ஃபயர்வாலில் விதி போட்டேன். இரண்டே நாளைக்கு என்று. எடுக்க மறந்துவிட்டேன். வெட்டியதைப் பெட்டி பதிவு செய்யாதபடி அணைத்து வைத்ததும் நான். பழைய மெஷினின் படங்கள் சின்னவை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. யார் எதை மாற்றினார்கள் என்று பெட்டி குறித்துவைக்கும் மாற்றப் பட்டியலில் என் பெயர் தேதியோடு நிற்கிறது. தன் முதுகு தனக்குத் தெரியாது, சரி. தன் கையெழுத்துமா?

விதியை எடுத்தேன். அடுத்த கோப்பு முழுசாக வந்தது. “இனிமே போகும்க்கா” என்று மட்டும் சொன்னேன். எல்லாம் சரியானால் விசாரணையும் தானாக ஓய்ந்துவிடும் இல்லையா? சீ, என்ன பிறவி நான்.

மார்ச் 14, வெள்ளி, காலை

கேன்டீனில் பெரிய டாக்டர் சிரிக்கிறார். “பாத்தீங்களா? விசாரணைன்னதும் எல்லாம் ஒழுங்கா வருது!” மேனேஜரும் தலையாட்டுகிறார்.

ஐயோ. நான் சத்தமில்லாமல் சரிசெய்ததே அக்காவுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நான் வாயைத் திறக்காவிட்டால் மூன்று மணிக்கு அவர் வேலை போய்விடும். திறந்தால் என் வேலை —

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “உனக்குத் தெரியாததையா நான் சொல்லப்போறேன்?” என்றார். கோபமாக வந்தது. அவர் சொன்னது சரி, அதனால்தான்.

மாற்றப் பட்டியலை அச்செடுத்துவிட்டேன்.

அன்றே, மாலை

விசாரணையில் சொல்லிவிட்டேன். “நான் பண்ண தப்பு சார்.” அச்செடுத்த தாளை மேனேஜர் இரண்டு தடவை படித்தார். “நேத்தே தெரியுமா?” என்றார். தெரியும் என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மார்ச் 19, புதன்

மெமோ வந்தது. ஃபயர்வாலின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள், எனக்குச் சொல்லவில்லை. அக்கா வேலையில் இருக்கிறார்.

இன்று ஒரு கூட்டத்துக்காக இங்கே வந்திருந்தார். லிஃப்ட்டில் இரண்டு பேர்தான். “நான்தான் எதையோ அமுக்கிட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா. இப்பவும் அனுப்பிட்டு கை ரெண்டையும் மடியிலயே வெச்சுக்கறேன்” என்றார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மூன்றாவது மாடி வந்துவிட்டது. அவர் இறங்கிப் போய்விட்டார்.