பேய்ப் படத்துக்கு ஒரு முகம்

2 ஜூலை 1974, செவ்வாய்

தேனியில் காலையிலிருந்து சாரல். காற்று வேறு. காயப்போட்ட பேனர் முழுக்க ஈரம்.

தியேட்டர் மேனேஜர் வந்தார். வெள்ளிக்கிழமை இங்கே ஒரு பழைய பேய்ப் படம், அடுத்த வாரம் அதுவே கோம்பையில். மதுரையிலிருந்து போஸ்டர் வரவில்லை, ஸ்டில்லும் இல்லை. நானே வரைந்து, செதுக்கி, பிரஸ்ஸில் அடித்துத் தர வேண்டும். கதாநாயகி முகம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். பேய்க்கு எந்த மூஞ்சியாக இருந்தால் என்ன என்றார். கலையை இவரிடம்தான் கற்க வேண்டும்.

வாங்க: கறுப்பு மை, சின்ன பிரஷ், வெற்றிலை.

மாலைக்குள் முகம் வந்துவிட்டது. ஒரு கோடுகூட அழிக்கவில்லை. எனக்கு அப்படி வராது.

4, வியாழன்

மடத்தனம். படத்தைத் திருப்பிப் போடாமல் அப்படியே அச்சுக்கு வெட்டும் லினோ ஷீட்டில் செதுக்கிவிட்டேன். அச்சில் எல்லாம் பக்கம் மாறிவிட்டது. வலது கன்னத்தில் நான் வைத்த மச்சம் இடதில். இத்தனை வருஷத் தொழிலில் இப்படியா? நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை. இரண்டு ஊரிலும் ஒட்டியாச்சு. நானும் வாயைத் திறக்கவில்லை.

8, திங்கள்

காற்று அடங்கவில்லை. மத்தியானம் ஒரு அம்மா வந்தார், வருசநாட்டுப் பக்கம். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கிழித்த போஸ்டரை மடியில் கட்டிக்கொண்டு, பிரஸ்ஸில் விசாரித்து வந்திருக்கிறார். படத்தில் இருப்பது தன் மகள் ராசாத்தியாம். கோம்பையில் கட்டிக் கொடுத்த பெண். மாசியிலிருந்து காணோம். யாருடனோ கேரளாவுக்கு ஓடிவிட்டாள் என்கிறானாம் புருஷன்.

எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார். கற்பனை என்றேன். காதில் ஏறவில்லை.

"மச்சத்த மட்டும் மாத்தி வச்சுட்டீக தம்பி. அவளுக்கு வலது கன்னம்."

மேஜைக்குள் இருந்த மூலப் படத்தை எடுத்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. தடவித் தடவிப் பார்த்தார். மகள் உயிரோடு இருக்கிறாள் என்று அழுதார், சிரித்தார். வெள்ளிக்கிழமை வருகிறேன், யோசித்துச் சொல்லுங்கள் என்று போனார்.

அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. கோம்பைப் பக்கம் போயே பல வருஷம்.

10, புதன்

காதல் படத்துக்கு வரைய உட்கார்ந்தேன். மறுபடியும் அவள்தான். கிழித்துப் போட்டேன். பயமாக இருக்கிறது.

கால் வலி. தைலம் வாங்க மறந்தாச்சு.

11, வியாழன்

கோம்பையில் போஸ்டரைப் பார்த்துவிட்டு ராசாத்தியின் புருஷன் வந்தான். சலவைச் சட்டை, மெதுவான பேச்சு. மானம் போச்சு என்று சண்டைக்கு நிற்பான் என்று நினைத்தேன். மூலப் படத்தைக் கேட்டான், கொடுத்தேன். முகத்தை அவன் பார்க்கவே இல்லை. முகத்துக்குப் பின்னால் இடம் காலியாகத் தெரிந்ததால் ஒரு கிணறும், பக்கத்தில் தலை முறிந்த தென்னை ஒன்றும் போட்டிருந்தேன். பேய்ப் படம் என்றால் போடுவதுதானே. கிணற்றின் மேல் விரலை வைத்தான்.

"இந்தக் கிணத்த மாசியிலயே மூடியாச்சுண்ணே. நீங்க எப்பப் பாத்தீக?"

பார்க்கவில்லை என்றேன். என்னையே பார்த்தபடி படத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

போலீஸுக்குப் போக வேண்டும். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

விடிந்தால் வெள்ளி. முதல் பஸ்ஸிலேயே அந்த அம்மா வந்து இறங்குவார்.